நான்கு கைப் பண்டாரி

எங்கள் வீட்டில் எழுத்து எழுதுவோம், உருவம் எழுத மாட்டோம். ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. என் அத்தா முகமது யூசுப் சேலம் கோட்டையிலிருந்து மலையேறி வந்து, காபி மூட்டைகளுக்கு எஸ்டேட் பெயர் எழுதித் தொழிலைத் தொடங்கினார். பிறகு லாரிக் கதவு, கடைப் பலகை, மோட்டார் சைக்கிள் நம்பர் தகடு என்று வேலை வளர்ந்தது. ஒரு சேவலோ சிங்கமோ மனித முகமோ எங்கள் பிரஷ்ஷிலிருந்து இறங்கியதில்லை. உயிருள்ளதன் உருவத்தை உண்டாக்குவது படைத்தவன் வேலை, அதில் நமக்குப் பங்கு வேண்டாம் என்பது அத்தாவின் முடிவு. மௌத்தாவதற்கு முன் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஒருமுறை ஒரு சினிமா நடிகரின் ரசிகர்கள் ஆளுயரப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "பேரு எழுதித் தர்றேன். மூஞ்சியை வேற எடத்துல வாங்கிக்கங்க" என்றேன். அவர்கள் சாலையைக் கடந்து பொன்னுவேலிடம் போனார்கள்.

பொன்னுவேல் கடை எங்கள் கடைக்கு நேர் எதிரே. மலைக் கிராமங்களில் கோயில் சுதைகளுக்கு வர்ணம் பூசுவது அவர் தொழில். கொட்டச்சேடு வரை எந்தக் காவல் தெய்வத்தின் மீசையும் அவர் வைத்ததுதான். உருவம் என்றால் அந்தப் பக்கம், எழுத்து என்றால் இந்தப் பக்கம் என்று ஒருவரும் பேசி வைக்காமலே நடந்து வந்தது. நடுவில் அவர் ஒரு பேக்கரிப் பலகைக்கு எழுத்து எழுதினார். அன்றோடு நான் அவரிடம் பேசுவதை நிறுத்தினேன். அந்த எழுத்துகள் இன்றும் சாய்ந்துதான் நிற்கின்றன.

எங்கள் வழக்கம் தெரியாத ஒரே ஆள் பாலசுப்பிரமணியம் வாத்தியார். சீமையில் ஒரு வருஷம் படித்துவிட்டு வந்து, இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தார். தெற்கத்திக்காரர். எண்பத்தெட்டாம் வருஷம், காபிச் செடி பூத்திருந்த சமயத்தில், ஒரு வியாழக்கிழமை கையில் சின்னத் தகர டப்பாவோடு கடைக்கு வந்தார்.

"பாய், ரொம்பச் சின்னச் சாமான். ஈயத்துல வார்த்தது. பெயின்ட் அடிக்கணும். நான் அடிச்சுப் பார்த்தேன், என் கைரேகைதான் விழுந்துச்சு. எதிர்க்கடையில கேட்டேன். 'இத்தனை பொடி வேலைக்கு எங்கிட்டப் பிரஷ் இல்லீங்க, பாய் கடைக்குப் போங்க'ன்னு சொல்லிட்டாரு."

எதிர்க்கடையில் பொன்னுவேல் பெயின்ட் அடிப்பதற்காக ஒரு ஸ்கூட்டரின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வாத்தியார் பேசத் தொடங்கியதும் சுரண்டும் சத்தம் நின்றிருந்தது. காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

"எங்க கடையில முடியாதுங்கற பேச்சே கெடையாதுங்க சார். ஞாயித்துக்கிழமை காத்தால ஒம்பது மணி பஸ்ஸுக்கு வாங்க. வேலை தயாரா இருக்கும்."

"உள்ள என்னன்னு பாக்கலையா பாய்?"

"பாத்துட்டுச் சொன்னா அது வாக்கு இல்லீங்க சார்."

இது நாலு பேர் காதில் விழும்படி சொன்ன வார்த்தை. வாத்தியாருக்குச் சந்தோஷம். பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார். எஸ்டேட்டில் ஆட்களுக்குக் கொடுக்கும் ஈய வில்லையாக இருக்கும், நம்பர் எழுதச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். பஞ்சுக்குள் படுத்திருந்தது வில்லை இல்லை.

கட்டைவிரல் உயரத்தில் ஒரு ஜந்து. பலாப்பழம் போல் வயிறு. வாத்துக்கால். தலையில் நத்தைக்கு இருப்பதுபோல் மூன்று கொம்புகள், ஒவ்வொரு கொம்பின் நுனியிலும் ஒரு கண் முட்டை. அதில் இரண்டு முன்னால், ஒன்று வளைந்து முதுகுப் பக்கம். கைகள் நான்கு. ஒவ்வொரு கையிலும் ஆறு விரல். ஒரு கையில் நீளமான கரண்டி. இடுப்பில் துணி என்று ஒன்றுமே இல்லை.

"யாருண்ணே இது?"

ஹலீமா பின்னால் வந்து நின்றிருந்தாள். என் தங்கை. கணவர் போன பிறகு என் வீட்டோடு இருக்கிறாள். என் மனைவியும் காலமான பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"யாருமில்ல. மூடு."

அவள் மூடவில்லை. சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கினாள்.

"வயித்தைப் பாருங்க, கரண்டியைப் புடிச்சிருக்கற தோரணையைப் பாருங்க. நம்ம கல்யாணத்துக்கெல்லாம் வருவாரே ஆத்தூர்ப் பண்டாரி, அவரேதாண்ணே! கையி மட்டும் ரெண்டு கூட."

பிரியாணி ஆக்குகிறவரை எங்களில் பண்டாரி என்போம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயின்ட் அடித்தால் அத்தா சொல்லிப்போன சொல் போகும். திருப்பிக் கொடுத்தால் ஒண்டிக்கடையில் சொன்ன சொல் போகும். இது பொன்னுவேல் வேண்டுமென்றே வைத்த பொறி என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் போனபோது, தொழ வைக்கும் அஜ்ரத்திடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பள்ளிவாசல் முழுக்கத் தெரியும். யூசுப் மகன் ஒரு வேலையை என்னவென்று பார்க்காமல் ஒப்புக்கொண்டான் என்று பேச்சாகும். தொழுதுவிட்டுப் பேசாமல் திரும்பினேன்.

கடையில் மரியதாஸ் காத்துக்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். புது மோட்டார் சைக்கிளுக்கு நம்பர் தகடு கேட்டு வந்திருந்தார். வாத்தியாரின் சிநேகிதர். நான் ஒன்றும் தெரியாதவன் போல் கேட்டேன்.

"வாத்தியார் ஏதோ ஈயச் சாமான் வெச்சிருக்காராமே?"

"அதையேங் கேக்கறீங்க பாய்! ஞாயித்துக்கிழமையானா எஸ்டேட் பங்களாவுல எங்களுக்கு யுத்தம். மேசை மேல தெர்மாகோல்ல மலை, பாறை எல்லாம் செஞ்சிருக்கறம். ரெண்டு பக்கமும் ஆளுங்களை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை. பூமிக்காரங்க என் பக்கம். வேற கிரகத்துக்காரங்க வாத்தியார் பக்கம்."

"பகடைன்னா, பணம் வெச்சா?"

"ஐயோ சாமி, இல்லீங்க. தோத்தவங்க எல்லாருக்கும் டீப் போட்டுத் தரோணும். அவ்வளவுதான். வாத்தியாருதான் நொம்ப நாளா டீப் போடறாரு."

"ஏன்?"

"அவரு பட்டாளத்துக்குச் சமையல்காரன் இல்லீங்க. இருக்கறான், ஆனா பெயின்ட் அடிக்கல. பெயின்ட் அடிக்காத ஆளு மேசையில ஏறக்கூடாதுன்னு எங்க சட்டம். சோறில்லாத பட்டாளத்துக்குப் பாதிப் பலம்தான். இந்த வாரம் பாய் கடையில அடிச்சுத் தர ஒத்துக்கிட்டாங்கன்னு ஒரே குதிப்பு. நாங்க எல்லாரும் பாக்கக் காத்துக்கிட்டிருக்கறம்."

நான் தகட்டுக்குக் கறுப்பு அடிக்கத் திரும்பிக்கொண்டேன். ஒரு பட்டாளமே பட்டினி கிடக்கிறது, அதன் சோறு என் வாக்கில் தொங்குகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போனால், ஹலீமா பண்டாரியை ஒரு நூல்கண்டின் மேல் மெழுகு உருக்கி நிற்க வைத்திருந்தாள். பக்கத்தில் என் பெயின்ட் டப்பாக்கள்.

"உன்னை யாரு இதைத் தொடச் சொன்னது?"

"தொடாம எப்படிண்ணே. நீங்க சாப்பாட்டைக்கூட வெச்சுட்டுப் போயிட்டீங்க."

"நம்ம ஊட்டுல உருவம் எழுதறதில்ல. தெரியுமில்ல?"

"உருவம் யாரு எழுதறாங்க? கல்யாணப் பொண்ணுக்கு மருதாணி வெக்கறனே, கையை நானா செய்யறேன்? கையி இருக்குது, நான் நெறம் வெக்கறேன். இதைச் செஞ்சவன் சீமையில இருக்கறான். கேள்வி கேக்கறப்ப அவன் பதில் சொல்லிக்குவான்."

"அத்தா…"

"அத்தா உங்க கையைப் புடிச்சுத்தான் சொன்னாங்க. என் கையைப் புடிச்சு ஒண்ணும் சொல்லலீங்க. பொம்பளப் புள்ள கையி என்னத்த எழுதப் போவுதுன்னு விட்டுட்டாங்க."

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் உடனே ஒப்புக்கொள்வது என் வழக்கமில்லை. "என்னமோ பண்ணு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

முதல் பூச்சு பாழாயிற்று. நம்பர் தகட்டுக்கு அடிக்கும் பெயின்ட் கெட்டியானது. ஆறு விரலும் ஒட்டிக்கொண்டு ஒரு உருண்டையாகிவிட்டன. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து மறுபடி அம்மணமாக்கினாள். நான் டர்பன்டைன் விட்டு பெயின்ட்டைத் தண்ணீர் மாதிரி நெகிழ்த்திக் கொடுத்தேன். கொடுத்தது மட்டும்தான்.

என்ன நிறம் அடிப்பது என்பதில் பெரிய தகராறு வந்தது.

"மனுச நெறம் அடிக்காதே" என்றேன்.

"அடிக்கல. வேற ஊருக்காரன்தானே. அவங்க ஊருல என்ன நெறம்னு யாருக்குத் தெரியும்? நம்ம பட்டர் ஃப்ரூட்டை வெட்டுனா உள்ள இருக்குமே, தோல் பக்கம் பச்சையா, கொட்டைப் பக்கம் மஞ்சளா, அது."

அடித்தாள். முதுகு பச்சை. வயிற்றுக்கு வர வர மஞ்சள். எங்கே பச்சை முடிந்தது, எங்கே மஞ்சள் தொடங்கியது என்று சொல்ல முடியாது. நான் நாற்பது வருஷம் பிரஷ் பிடித்தவன். அப்படி இரண்டு நிறத்தைச் சேர்க்க எனக்கு வராது. எழுத்துக்கு அது தேவைப்பட்டதுமில்லை.

என் மிகச் சன்னமான பிரஷ்ஷை அவளிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டாள். மருதாணிக்குப் பழகிய ஆயுதம். அதைச் சிவப்பில் தொட்டு, கரண்டி பிடிக்காத மூன்று உள்ளங்கையிலும் வட்ட நிலா வைத்தாள், நிலாவைச் சுற்றிப் புள்ளி வைத்தாள், இருபத்து நாலு விரல் நுனிக்கும் தொப்பி போட்டாள். விரல் ஒவ்வொன்றும் அரிசியில் பாதி இருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு விரல், பிறகு ஒரு பெருமூச்சு, பிறகு அடுத்த விரல்.

"பண்டாரிக்கு எதுக்கு மருதாணி?" என்றேன்.

"நாலு கையி இருந்தும் யாரும் வெச்சு விட்டிருக்க மாட்டாங்க, பாவம்."

சனிக்கிழமை மத்தியானம் நான் ஒரே ஓர் உத்தரவு போட்டேன். "இடுப்புக்குக் கீழ வெறும் ஒடம்பா இருக்குது. இந்த ஊட்டுல இருந்து இப்படி வெளியே போகக்கூடாது. கைலி கட்டு."

வெள்ளையில் கைலி கட்டினாள். ஆனால் கட்டம் போட அவளுக்கு வரவில்லை. கோடு நடுங்கியது. கோடு உருவம் இல்லை. கோடு என்பது எழுத்தின் பிள்ளை. நானே பிரஷ்ஷை எடுத்து, நீலத்தில் நெடுக்கும் குறுக்குமாக இழுத்துக் கொடுத்தேன். அந்தக் கைலியில் ஒரு கட்டம்கூடக் கோணல் இல்லை.

எல்லாம் முடிந்தது. கண் மட்டும் மூன்று வெள்ளை முட்டைகளாக இருந்தன.

"வை" என்றேன்.

ஈர்க்கைக் கீழே வைத்துவிட்டாள். "என்னால ஆவாதுண்ணே. நெறம் வெக்கறது ஒண்ணு. பாக்க வெக்கறது வேற. அங்க என் கையி போக மாட்டேங்குது."

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. புள்ளிதானே, நானும் வைத்திருக்கலாம். ஆயிரம் புள்ளி வைத்த கை. பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்துக் கிட்டே கொண்டு போனேன். அத்தா பிடித்த கை அது. பிரஷ்ஷை அப்படியே துடைத்து வைத்துவிட்டேன்.

கண்ணில்லாமல் கொடுத்தால் பாதி வேலை. பாதி வேலையை எங்கள் கடை கொடுத்ததில்லை. இந்த மலையில் கண் வைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு, தொப்பியைக் கழற்றாமல், குடையை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். பத்தடி அகலச் சாலை. நான் அதைக் கடந்து வருஷக்கணக்காகியிருந்தது.

பொன்னுவேல் குனிந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

"பொன்னுவேலு."

பிரஷ் கை நழுவி வாளிக்குள் விழுந்தது. "ஏனுங்க பாய், என்னையா கூப்பிட்டீங்க?"

"வேற யாரு இருக்காங்க இங்க?"

"இல்லீங்க, நொம்ப வருசமாச்சு. காதுக்குப் பழக்கம் உட்டுப் போச்சு."

உள்ளேயிருந்து அவர் மனைவி மீனாட்சி எட்டிப் பார்த்து, "உக்காருங்க பாய்" என்றார். நான் உட்காரவில்லை.

"அந்த டப்பாவை வேணும்னே எங்கிட்ட அனுப்பிச்சியா?"

"எந்த டப்பாங்க? வாத்தியாரு கொண்டாந்ததா? சுண்டுவெரல் அளவு சாமான், பொடி வேலைன்னாரு. பொடி பிரஷ்ஷு உங்ககிட்டத்தானே இருக்குது, அதனால சொன்னேன். ஏனுங்க, உள்ள என்ன இருந்துச்சு?"

"நீயும் தொறந்து பாக்கலையா?"

"அவரு தொறக்கலீங்க. நான் எப்படிங்க கேக்கறது?"

சொன்னேன். மூன்று கண், நான்கு கை, கரண்டி எல்லாம் சொன்னேன். பொன்னுவேல் சிரிக்கவில்லை. இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உருவம்னு தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட அனுப்புவனுங்களா? இந்த ரோட்டுல எந்தப் பக்கம் எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்களா? உங்க அத்தா சொன்னது எனக்கும் சொன்ன மாதிரிதானுங்க."

"கண்ணு மட்டும் பாக்கி" என்றேன்.

"இங்க கொண்டாரலீங்களே?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. இங்க கொண்டாந்து வெச்சா வர்றவன் போறவன் பாப்பான். யூசுப் பாய் மகன் பொம்மை எழுதறாராம்னு பொழுது சாயறதுக்குள்ள வெள்ளக்கடை ஊரு வரைக்கும் போய்ச் சேந்துரும். நானே ஊட்டுக்கு வர்றேனுங்க. காத்தால, கடை தொறக்கறதுக்கு முன்ன."

நான் கேட்காதது அது. என் வீட்டு மானத்தைப் பற்றி நான் யோசிப்பதற்கு முன்பே அவர் யோசித்துவிட்டார். நன்றி என்ற சொல் எங்களுக்குள் புழக்கத்தில் இல்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் சுபுஹு தொழுகை முடிந்து வீட்டுக்கு வரும்போது பனி விலகவில்லை. பொன்னுவேல் வாசலில் நின்றிருந்தார். தலை ஈரம். வெளுத்த வேட்டி. கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

"டீ குடிக்கறியா?"

"கண்ணு தொறக்கற வரைக்கும் பல்லுல பச்சத் தண்ணி படக்கூடாதுங்க."

"இது சாமி இல்லையேப்பா."

"சாமி இல்லாட்டிப் போவுதுங்க. கண்ணுன்னா கண்ணுதானுங்களே."

சன்னல் திண்டில் நூல்கண்டோடு பண்டாரியை வைத்தேன். வெளியே வேலி வரைக்கும் காபிப் பூ வெள்ளையாகக் கிடந்தது. பொன்னுவேல் குனிந்து பார்த்தார். முதலில் கைலி.

"கட்டம் உங்க கையிங்க. அடிக்கோல் வெச்சாலும் எனக்கு இப்படி வராது."

பிறகு கைகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உள்ளங்கை நிலா, சுற்றிப் புள்ளி, விரல் தொப்பி. யார் செய்தது என்று கேட்க வாயெடுத்தவர், உள் அறைக் கதவுத் திரை அசைவதைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டார்.

அவர் வேலை செய்த விதத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உருவத்தின் எதிரே நிற்கவில்லை. பக்கவாட்டில் நின்று, இடது கையில் கண்ணாடியைப் பிடித்து, அதில் தெரிகிற முகத்தைப் பார்த்துக்கொண்டே வலது கையால் புள்ளி வைத்தார். முதல் பார்வை கண் வைக்கிறவன் மேல் விழக்கூடாது, கண்ணாடி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் முறையாம். ஒரு கண் கண்ணாடியைப் பார்த்துத் திறந்தது. அடுத்ததைச் சன்னல் பக்கம் திருப்பினார். அது காபிப் பூவைப் பார்த்துத் திறந்தது.

மூன்றாவதுதான் சங்கடமாகிவிட்டது. முதுகுப் பக்கம் வளைந்த கொம்பு அது. அதற்கு நேரே கண்ணாடி பிடித்தால் அவர் கை எட்டவில்லை. நூல்கண்டைத் திருப்பிப் பார்த்தார், குனிந்து பார்த்தார்.

"இப்படி ஒரு எடத்துல கண்ணு வெச்சவன் எவனுங்க!" என்றார். பிறகு, "இது பாக்கற தெசையில வெறும் செவுரு இருக்குது. செவுத்தைப் பாத்துக் கண்ணு தொறக்கக்கூடாது. யாராச்சும் நல்லவங்க நிக்கோணும்."

"நான் நிக்கறேன்."

"நீங்க வேண்டாமுங்க. கையி வேலை செஞ்சவங்க வந்து நிக்கட்டும்."

திரைக்குப் பின்னாலிருந்து ஹலீமா சொன்னாள்: "நல்ல காரியத்துக்கு நான் எதுக்குங்க? நான் புருசனைப் பறிகொடுத்தவ. வேற யாரையாச்சும் நிறுத்துங்க."

எங்களில் இதையெல்லாம் பார்ப்பதில்லை. ஆனால் பக்கத்து வீடுகளின் நல்லது கெட்டதுகளில் ஒதுங்கி ஒதுங்கி அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை. அந்நிய ஆண்பிள்ளை முன்னால் அவள் வருவதும் எங்கள் வழக்கமில்லை.

பொன்னுவேல் திரும்பிப் பார்க்கவில்லை. பிரஷ்ஷின் நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அம்மா, வந்து நில்லுங்க. பெயின்ட் காயுது."

நான் ஹலீமாவைப் பார்த்துத் தலையசைத்தேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்து சுவரோரம் நின்றாள். பொன்னுவேல் மூச்சைப் பிடித்தார். புள்ளி விழுந்தது. ஹலீமா அந்தக் கண்ணையே பார்த்தாள். அது அவளைப் பார்த்தது. முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"முழியைப் பாருங்கண்ணே. 'உப்பு பத்தலையா'ன்னு கேக்கறான்."

பொன்னுவேலும் சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் டீ குடித்தார். ஹலீமா இட்டிலி வைத்தாள். நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஒன்பது மணி பஸ்ஸில் வாத்தியார் வந்தார். டப்பாவைத் திறந்து பஞ்சை விலக்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் டப்பா பக்கம் கையை நீட்டினேன். "தப்பு இருந்தாச் சொல்லுங்க சார். அழிச்சுக் குடுத்தர்றோம்."

"அழிக்கிறதா? பாய், ஆட்டத்தோட புத்தகத்துல இவனுக்கு இரும்புச் சட்டை, ஊதாத் தோல்னு போட்டிருக்கு. அதைவிட இதுதான் இவன். கைலி கட்டி, கைக்கு மருதாணி வெச்சு… இவன் ஆக்குற சோத்தைத் தின்னா என் பட்டாளம் ஜெயிக்காம என்ன செய்யும்? யார் பாய் செஞ்சது? நீங்களா?"

எங்கள் வீட்டுப் பெண்களின் பெயரைக் கடைத்தெருவில் சொல்வதில்லை. நான் செய்தேன் என்றால் பொய், அதோடு அத்தாவின் சொல்லும் போச்சு. பொன்னுவேல் என்றால் அதுவும் பாதிப் பொய். எதிர்க்கடையில் பொன்னுவேல் தலையைத் தூக்காமல் ஸ்கூட்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னாலும் அவர் வாய் திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"கைலிக் கட்டம் நான். கண்ணு எதிர்க்கடைப் பொன்னுவேல். மீதி எல்லாம் என் தங்கச்சி ஹலீமா."

"ஹலீமாம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க" என்று வாத்தியார் கைகுவித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவரும் தவறாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவர்களுக்குப் பதில் சொல்ல நான் தயாராகவே நின்றிருந்தேன்.

மறுநாள் காலை மரியதாஸ் நம்பர் தகடு வாங்க வந்தார். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே கத்தினார்.

"பாய், உங்காளு செத்துட்டானுங்க! மொதல் உருட்டுலயே!"

"என்னது?"

"வாத்தியாரு பெருமை தாங்காம அவனைக் கொண்டுபோய் மொத வரிசையில நடுநாயகமா நிறுத்திட்டாரு. எங்க பீரங்கி அவன் மேலதான் விழுந்துச்சு. வாத்தியாருதான் நேத்தும் டீப் போட்டாரு."

எனக்கு வந்த கோபத்தில் தகட்டைக் கவுண்டரில் வைத்த சத்தம் பலமாகக் கேட்டிருக்க வேண்டும். "பண்டாரியை எவனாச்சும் மொத வரிசையில நிறுத்துவானா? படிச்ச மனுசன்! அடுப்பு இருக்கற எடத்துலல்ல நிறுத்தோணும்?"

மரியதாஸ் சிரித்துக்கொண்டே போனார். அடுத்த வாரம் மறுபடி மேசையில் ஏற்றினால் எழுந்துகொள்வானாம், அது அவர்கள் சட்டமாம். ஆனால் அந்த வாரத்துக்கு அவன் இல்லைதான்.

செய்தி சாலையைக் கடந்துவிட்டிருந்தது. பொன்னுவேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கள் கடைப் படி வரை வந்து நின்றார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் நிற்பதைப் போலவே நின்றார்.

"ஏனுங்க பாய், நம்மாளு போயிட்டானாமே?"

"ஆமாப்பா."

"முழுசா மூணு கண்ணு இருந்தும் பீரங்கி வர்றதைப் பாக்கலீங்களே. கண்ணு என் கையி. எனக்கே ஒரு மாதிரியா இருக்குது."

"உன் கண்ணுல குத்தமில்ல. நிறுத்துனவர் மேலதான் குத்தம்."

"அவங்ககிட்டச் சொன்னீங்களா? ஹலீமாம்மாகிட்ட?"

"இன்னும் இல்ல. மத்தியானம் ஊட்டுக்குப் போறப்பச் சொல்லோணும். சண்டைக்கு வருவா."

பொன்னுவேல் படியில் நின்றபடியே இருந்தார். கூப்பிடாமல் ஏறி வருகிறவர் அல்ல அவர். எனக்கு அவர் செய்தவற்றை இன்று எண்ணிப் பார்த்தாலும் மனம் நிறைகிறது. கூப்பிட்ட குரலுக்கு, பேச்சற்றுப் போன வருஷங்களைக் கணக்கில் வைக்காமல் வந்தார். என் வீட்டு வழக்கத்தை என்னைவிடக் கவனமாகக் காத்தார். என் தங்கையை ஒதுங்கி நிற்க விடாமல் அழைத்து நடுவில் நிறுத்தினார். இதற்கெல்லாம் நன்றி என்று வாயால் சொல்ல எனக்கு அன்றும் வரவில்லை.

பெஞ்சு முழுக்கப் பெயின்ட் டப்பாக்கள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தேன்.

"வந்து உக்காரு பொன்னுவேலு. டீ சொல்றேன்."